நோட்டர் டேம் ஏன் இன்னும் தனிச்சு நிக்குது?

கேள்வி: அண்ணையாக்கள், அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போலில கிட்டத்தட்ட எல்லாரும் கொன்பரன்ஸில, அதாவது தங்களுக்குள்ள லீக் ஆடுற கல்லூரிக் கூட்டணியில, சேருகினம். நோட்டர் டேம் பல்கலைக்கழகம் எப்பிடித் தனிச்சுத் தாக்குப்பிடிக்குது?

பதில் 1: ரீவி தான் தம்பி. 1991இல இருந்து சொந்த மைதான மட்ச் என்பிசி எண்ட அமெரிக்க ரீவியில போகுது. கொன்பரன்ஸில சேர்ந்தால் ரீவிக்காசு பொதுப் பானைக்குள்ள போய்ப் பங்காகும்.

பதில் 2: முழுக்கத் தனி எண்டும் இல்லை. மற்ற விளையாட்டுகள் பெரும்பாலும் 2013இல இருந்து ஏசிசி எண்ட கொன்பரன்ஸில. அதுக்கு ஈடா வருசத்துக்குச் சராசரி 5 ஏசிசி ரீமோட ஃபுட்போல் ஆடவேணும். இது சும்மா இல்லை: ஒக்டோபர், நவம்பரில கொன்பரன்ஸ் ரீமுகள் தங்களுக்குள்ளயே மோதும், தனியாளுக்கு எதிரணி தேடுறது பெரும்பாடு. பிரிகம் யங் பல்கலைக்கழகமும் 2011இல தனிச்சுப் போய், 2023இல பிக் 12 எண்ட கொன்பரன்ஸில சேர்ந்திட்டுது.

பதில் 3: எங்கட யாழ்ப்பாணப் பள்ளிக்கூடக் கிரிக்கெட் வடக்கின் பெருஞ்சமர் மாதிரி, பேருக்கே சனம் வரும். ஆனா 2024 பிளேஓஃபில (சம்பியனைத் தீர்மானிக்கிற கடைசிச் சுற்றுகள்) முதல் சுற்று ஓய்வு கிடைக்கிற முதல் 4 இடமும் கொன்பரன்ஸ் சம்பியன்களுக்குத்தான் எண்டு விதி இருந்தது. அதால நோட்டர் டேமுக்கு அந்த ஓய்வு கிடைக்க வழியே இருக்கேல்லை. 2025இல அந்த விதியை எடுத்திட்டினம்.