குதிரை இழுக்கும் பனிச்சறுக்கு: பெண்களுக்குத் தனிப் பிரிவு தேவையா?

தேன்சிட்டு

பெண்களுக்கென்று தனிப் பிரிவு வைத்தால் ஸ்கிஜோரிங் கெட்டுப்போகும் என்று போன வாரம் குளிர்கால விளையாட்டு இழையில் கல்லணை எழுதியிருந்தார். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. அங்கே பேச்சு வேறு பக்கம் போய்விட்டதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்காக: ஒரு குதிரை முழுப் பாய்ச்சலில் ஓடும், அதன் மேல் ஒருவர். சேணத்தில் கட்டிய கயிறு பின்னால் பத்து மீட்டர் அளவுக்கு நீளும், அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு, காலில் ஸ்கீ என்ற பனிச்சறுக்குப் பலகைகளை மாட்டிய இன்னொருவர். குதிரை நடுவில் நேராக ஓட, பின்னால் வருபவர் இரண்டு பக்கமும் மாறிமாறி வளைந்து, பனியைக் குவித்துக் கட்டிய மேடுகளில் தாவி, கம்பங்களுக்கு இடையே நுழைந்து, தொங்கும் வளையங்களையும் கோத்துக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டவேண்டும். வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தொடும், பெரும்பாலும் இருபது நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். வளையம் விட்டாலோ கம்பம் தவறினாலோ நேரத்தில் அபராத நொடிகள் கூடும்.

அமெரிக்காவில் இதன் பெயரைச் சொன்னால் உடனே நினைவுக்கு வருவது கொலராடோவின் லெட்வில். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய சுரங்க ஊர். 1949-ல் டாம் ஷ்ரோடர், மக்ஸ் ஆஸ்மன் என்ற இரண்டு பேர் தொடங்கிவைத்தது, இன்றைக்கும் மார்ச் முதல் வார இறுதியில் ஹாரிசன் அவென்யூ கடைத்தெருவிலேயே நடக்கிறது. இப்போது மொன்டானா, வயோமிங், ஐடஹோ, யூட்டா, மினசோட்டா, மெய்ன், கனடாவின் கால்கரி என்று எங்கெங்கோ பரவிவிட்டது.

என் கேள்வி ஒன்றுதான். சேணத்தின் மேல் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பண்ணையில் வளர்ந்தவர்கள், ரோடியோ என்ற கௌபாய் போட்டிகளில் குதிரையில் பீப்பாய் சுற்றும் பந்தயம் ஓட்டியவர்கள். கயிற்றின் நுனியில் அவ்வளவு பேர் இல்லை. பல ஊர்களில் இப்போது பெண்கள் பிரிவு வைக்கிறார்கள், அதனால் அந்த நுனிக்கும் பெண்கள் வருகிறார்கள். இதில் என்ன கெட்டுப்போகிறது?

கல்லணை

என் பெயரைச் சொல்லித் தொடங்கியதால் விவரமாகவே எழுதுகிறேன்.

குதிரை விளையாட்டுகளில் இருக்கும் அபூர்வமான நல்ல விஷயம், ஒலிம்பிக்கில்கூட ஆணும் பெண்ணும் ஒரே களத்தில், ஒரே பதக்கத்துக்கு மோதுவது. இது சும்மா கிடைத்ததில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு முன்பு டிரெஸ்ஸாஜ் போட்டியில், அதாவது குதிரையின் நடையையும் அசைவையும் துல்லியமாகச் செய்துகாட்டும் போட்டியில், ராணுவ அதிகாரிகளுக்கு மட்டும்தான் இடம். கதவு திறந்த அதே வருடம் டென்மார்க்கின் லிஸ் ஹார்டல், போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த பெண், குதிரை மேல் ஏறவும் இறங்கவும் ஆள் துணை தேவைப்பட்டவர், ஆண்களோடு மோதி வெள்ளி வாங்கினார். 1956-லும் வாங்கினார். அவருக்காக யாரும் தனிப் பிரிவு வைக்கவில்லை.

ஸ்கிஜோரிங்கின் பழைய வீடான சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸைப் பாருங்கள். 1907 முதல் உறைந்த ஏரி மேல் பந்தயம். அங்கே குதிரை மேல் ஆளே கிடையாது, ஸ்கீயில் நிற்பவரே நீளக் கடிவாளத்தைப் பிடித்துப் பந்தயக் குதிரையை ஓட்டவேண்டும், 2,700 மீட்டர், எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்படுவார்கள், முன்னால் போகும் குதிரைகள் கிளப்பும் பனி முகத்தில் அடிக்கும். 1928 குளிர்கால ஒலிம்பிக்கில் இதைக் காட்சிப் போட்டியாக வைத்தபோது முதல் மூன்று இடமும் சுவிஸ்காரர்களுக்கு. இன்றைக்கு அதே ஏரியில் பெண்கள் ஆண்களோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அந்தப் பருவத்தில் அதிகப் புள்ளி எடுப்பவருக்கு அந்தப் பள்ளத்தாக்கின் பெயரால் எங்கடின் அரசன் என்று பட்டம் கொடுப்பார்கள், வலேரியா ஹோலிங்கர் அதை வென்று அரசியானார். பெண்கள் கோப்பை என்று ஒன்றை வைத்து அவரை அதற்குள் தள்ளியிருந்தால் அந்த வெற்றிக்கு இதே எடை இருந்திருக்குமா?

இன்னொன்று. ரோடியோ வரலாறு தெரிந்தவர்களுக்கு நான் ஏன் பயப்படுகிறேன் என்று புரியும். நூறு வருடங்களுக்கு முன்பு பெண்கள் முரட்டுக் குதிரை அடக்கினார்கள், காசு வாங்கினார்கள். 1929-ல் ஓரிகனின் பெண்டில்டனில் போனி மக்காரல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். ஆண்களும்தான் விழுந்து செத்தார்கள், ஆனால் நிறுத்தப்பட்டது பெண்களின் போட்டி. கடைசியில் பெண்கள் 1948-ல் தாங்களே சங்கம் அமைக்கவேண்டி வந்தது, பெரிய ரோடியோக்களில் அவர்களுக்கு வெகுகாலம் மிஞ்சியது பீப்பாய் சுற்றும் பந்தயம் மட்டும்தான். தனி அறை கட்டிக் கொடுத்தால், நாளைக்கு அதை மட்டும் பூட்டுவது சுலபம்.

குதிரைவால்

கல்லணை சொன்ன ரோடியோ கதை அத்தனையும் உண்மை, ஆனால் செயின்ட் மோரிட்ஸையும் லெட்வில்லையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. நான் மேற்குக் கனடாவில் குதிரைகளோடு வேலை செய்பவள், சேணத்தின் மேலிருந்துதான் இந்த விளையாட்டைப் பார்த்திருக்கிறேன்.

கயிற்றின் நுனியில் என்ன நடக்கிறது என்று யாரும் எழுதவில்லை. பல பந்தயங்களில் கயிற்றுக்குக் கைப்பிடியே கிடையாது, வெறும் கயிறு. ஸ்கீயர் மேட்டில் ஏறிக் காற்றில் இருக்கும் நேரத்தில் கயிறு ஒரு கணம் தொய்யும். கீழே இறங்கும்போது குதிரை இன்னும் முன்னால் போயிருக்கும், தொய்வு முழுக்கச் சட்டென்று விறைக்கும், அந்த இழுப்பு தோள்பட்டையில் விழும். மலைச்சரிவில் தாவினால் இறங்கும் இடமும் சரிவாக இருக்கும், உடம்பு தாங்கும். இங்கே இறங்குவது தட்டையான தெருவில். முழங்கால் அதை வாங்கிக்கொண்டே, ஒரு கையில் கயிறு, மறுகையால் அடுத்த வளையத்துக்கு நீட்டவேண்டும். கடைசியில் கயிறு கையில் இருக்கவேண்டும், ஒரு ஸ்கீயாவது காலில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஓட்டம் செல்லாது. நேரத்தை மிச்சப்படுத்த எல்லைக்கோட்டுக்கு முன்பு கயிற்றில் கைமாற்றி ஏறி வருபவர்களும் உண்டு.

அதாவது பிடியும் தோளும் இங்கே கணக்கில் வருகின்றன. டிரெஸ்ஸாஜில் வராது. ஹார்டலை இங்கே எடுத்துக்காட்டுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. சேணத்தில் தனிப் பிரிவு வேண்டாம், கயிற்றில் வேண்டும், இதுதான் என் நிலை. பெண்கள் பிரிவில் நான் ஆணுக்குக் குதிரை ஓட்டப் போவதில்லை என்பதைத் தவிர எனக்கு எந்த மாற்றமும் இல்லை.

கல்லணை

பிடி கணக்கில் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். எடையும் வருகிறதே? இலேசான ஸ்கீயரை இழுக்கும் குதிரை புறப்பாட்டில் சீக்கிரம் வேகமெடுக்கும். நேரத்தில் பெரும்பகுதி குதிரையுடையது, அடுத்தது கயிறு தொய்யாமல் ஓட்டுகிறவருடையது, அதற்கப்புறம்தான் ஸ்கீயர். அணியில் மூன்று பேர், குதிரையையும் சேர்த்துச் சொல்கிறேன். இப்படிப்பட்ட விளையாட்டில் ஒருத்தருடைய உடம்பை மட்டும் பார்த்துப் பிரிவு வகுப்பது என்ன நியாயம்? தொடக்கக்காரர் பிரிவு இருக்கிறது, நடுத்தரப் பிரிவு இருக்கிறது, இருவர் வயதையும் கூட்டினால் நூறு தாண்டும் ஜோடிகளுக்குக்கூடச் சில ஊர்களில் பிரிவு இருக்கிறது. திறமைப்படி வகுத்தால் பெண்ணுக்கும் அதில் இடம் உண்டு.

வடதுருவன்

எல்லோரும் விளையாட்டு வளர்வது நல்லது என்று வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள். நான் அங்கேயே நிற்கிறேன்.

செயின்ட் மோரிட்ஸ் ஏரியைப் பெருமையாகச் சொன்னீர்கள். 2017 பிப்ரவரியில் அதே ஏரியில், அதே பந்தயத் திருவிழாவில் நடந்ததையும் சொல்லுங்கள். ஸ்கிஜோரிங் இல்லை, ஜாக்கி ஏறி ஓட்டும் சாதாரணப் பந்தயம்தான். பனிக்கட்டியின் விரிசல் வழியே தண்ணீர் மேலே வந்து, ஓடுபாதையின் ஓரிடம் இளகிப்போய், குதிரைகள் விழுந்தன. பூமராங் பாப் என்ற குதிரை செத்தது. ஜாக்கி ஜார்ஜ் பேக்கருக்கு மூளையில் ரத்தக்கசிவு, அதற்கப்புறம் அவர் ஜாக்கி தொழிலிலிருந்தே ஓய்வுபெற்றார்.

குளிர்காலம் சூடாகிக்கொண்டே வருகிறது. லெட்வில்லில் தெருவுக்கு லாரி லாரியாகப் பனியைக் கொண்டுவந்து கொட்டித்தான் தடமே போடுகிறார்கள், தாழ்வான ஊர்களில் வெயில் அடித்தால் மேல்பரப்பு காலையில் கண்ணாடி, மதியம் சேறு. இதில் பரிசுப்பணம் கூடுகிறது, அணிகளை ஏலம் விட்டுப் பந்தயம் கட்டும் வழக்கம் வேறு. 2034 குளிர்கால ஒலிம்பிக் யூட்டாவுக்கு என்று 2024-ல் முடிவானதிலிருந்து இதையும் அங்கே நுழைக்கவேண்டும் என்ற ஆசை சிலருக்கு வந்திருக்கிறது. காசும் கேமராவும் கூடக்கூட, ‘இன்றைக்குத் தடம் சரியில்லை, ரத்து’ என்று சொல்லும் வாய் குறையும். பெண்கள் பிரிவு வருமா வராதா என்பதைவிட இது எனக்கு முக்கியம்.

குதிரைவால்

வடதுருவன், குதிரையைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது எனக்கு மகிழ்ச்சி, இந்தக் கவலை இல்லாதவரைப் பனியில் குதிரை ஓட்ட விடவே கூடாது. ஆனால் வேலை எப்படி நடக்கிறது என்றும் கேளுங்கள். பின்னங்காலில் கயிறு உரசினாலே மிரள்கிற பிராணி அது. பின்னால் ஒருவர் சறுக்கி வருவதும், பக்கவாட்டில் திடீரென்று தோன்றுவதும், இருபுறமும் கூட்டம் கத்துவதும் அதற்கு ஒரே நாளில் பழகாது. முதலில் கயிற்றைத் தரையில் இழுத்து நடக்கவைப்போம், பிறகு வெறும் டயரைக் கட்டி இழுக்கவிடுவோம், பிறகு மெதுவாகப் போகும் ஸ்கீயர், அப்புறம்தான் ஓட்டம். மிரண்ட குதிரை வேகமாக ஓடும், நேராக ஓடாது, அதனால் அதை வைத்து ஜெயிக்கவும் முடியாது. லாடத்தில் பனிக்கென்றே ஆணி போடுவோம். ஒரு குதிரை ஒரு நாளில் எத்தனை முறை ஓடலாம் என்று பல இடங்களில் வரம்பு இருக்கிறது. அதை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஆக்கவேண்டும், அதில் உங்களோடு நிற்கிறேன்.

தேன்சிட்டு

கல்லணைக்கு. ‘திறமைப்படி வகுத்தால் போதும், கதவு திறந்துதானே இருக்கிறது’ என்ற வாதத்தைப் பெண்கள் பனிவிளையாட்டில் வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஸ்கீ மாட்டி உயரமான தாவுமேட்டிலிருந்து தாவும் பனித்தாவலில் என்ன நடந்தது? 2005-ல் சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தின் தலைவர் ஜான் பிராங்கோ காஸ்பர், மருத்துவ ரீதியில் அது பெண்களுக்கு ஏற்றதில்லை என்கிற மாதிரி பேசினார். அவர் பிறந்ததும் நீங்கள் சொன்ன அதே செயின்ட் மோரிட்ஸ்தான். 2010 வான்கூவர் ஒலிம்பிக்குக்காகக் கட்டிய சிறிய தாவுமேட்டில் ஆண், பெண் இருவரையும் சேர்த்தே சாதனை தூரம் அமெரிக்காவின் லிண்ட்சி வான் பெயரில் இருந்தது. ஆனாலும் அந்த ஒலிம்பிக்கில் அவரைத் தாவ விடவில்லை, வழக்குப் போட்டும் நடக்கவில்லை. 2009-ல் உலகப் போட்டியில் பெண்களுக்கென்று தனிப் போட்டி வைத்தார்கள், அதில் அவர்தான் முதல் சாம்பியன், 2014-ல் ஒலிம்பிக்கும் வழிவிட்டது. கதவைத் திறந்தது அந்தத் தனிப் போட்டிதான். பனித்தாவலும் நெடுந்தூர ஸ்கீ ஓட்டமும் சேர்ந்த நார்டிக் கம்பைண்டில் 2026 ஒலிம்பிக்கில்கூடப் பெண்களுக்கு இடமில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

லெட்வில்லில் நான் பார்த்ததையும் சொல்கிறேன். புறப்படும் இடத்தில் ஒரு பெண், கையுறையின் மேல் பிசின்நாடா சுற்றிக்கொண்டிருந்தார், கயிறு வழுக்காமல் இருப்பதற்காக. குதிரை நிற்க மறுத்துச் சுற்றிச் சுற்றி வந்தது, அவர் கயிறு காலில் சிக்காமல் கூடவே நகர்ந்துகொண்டிருந்தார். ஓட்டத்தில் கடைசி வளையம் தவறியது. ஆனால் நேரம் நடுத்தரப் பிரிவில் பாதிப் பேருடையதைவிட நன்றாக இருந்தது. ஆண், பெண் யாரும் மோதலாம் என்ற உச்சப் பிரிவான திறந்த பிரிவில் ஏன் பெயர் கொடுக்கவில்லை என்று கேட்டேன். நல்ல குதிரை வைத்திருப்பவர்கள் தெரியாத பெண்ணைக் கயிற்றில் ஏற்றமாட்டார்கள், நாலு பந்தயத்தில் என் பெயர் பலகையில் வரவேண்டும் என்றார். கல்லணை, விதிப்புத்தகத்தில் அவருக்குத் தடை எதுவும் இல்லை. நல்ல குதிரைதான் கிடைக்கவில்லை.

கல்லணை

அந்தக் கடைசி விஷயம் கனமானது. ஆனால் அதற்கு மருந்து குலுக்கல். சில பந்தயங்களில் ஏற்கெனவே சவாரிக்காரரையும் ஸ்கீயரையும் சீட்டுப் போட்டுத்தான் ஜோடி சேர்க்கிறார்கள். எல்லா இடத்திலும் அப்படியே செய்யட்டும், குதிரைக்காரர் ஆளைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே இருக்காது.

குதிரைவால்

முடியாது. என் குதிரையின் கால் என் பொறுப்பு. பின்னால் வருபவர் கயிற்றை எப்படி விடுவார், விழுந்தால் எந்தப் பக்கம் விழுவார் என்று தெரியாமல் திறந்த பிரிவு வேகத்தில் நான் ஓட்டமாட்டேன், என்னைப் போல நிறையப் பேர். குலுக்கல் தொடக்கக்காரர் பிரிவுக்குச் சரி.

பதிலாக ஒன்று சொல்கிறேன். ஒரு பெண் அதே நாளில் பெண்கள் பிரிவிலும் திறந்த பிரிவிலும் பெயர் கொடுக்கலாம் என்று வையுங்கள். பரிசுப்பணம் நுழைவுக் கட்டணத்தின் விகிதப்படி இரண்டுக்கும் ஒரே கணக்கு. பெண்கள் ஓட்டத்தைக் காலை எட்டு மணிக்கு ஆள் இல்லாத நேரத்தில் தள்ளாமல் திறந்த பிரிவுக்கு முந்தைய மணியில் வையுங்கள். கல்லணை பயப்படுகிற பூட்டு விழாது.

வடதுருவன்

அப்போது குதிரைக்கு ஒரு ஓட்டம் கூடுகிறது. வரம்பு வேண்டும் என்று மேலே சொன்னது நீங்கள்தான்.

தேன்சிட்டு

வரம்பு இருக்கட்டும், கூட்டவேண்டாம். நடுத்தரப் பிரிவில் ஒரே ஆள் மூன்று குதிரைக்காரர்களோடு மூன்று முறை பெயர் கொடுக்க விடுகிறார்களே, முதலில் அதைக் குறையுங்கள். இடம் பற்றாது என்ற கணக்கு பெண்கள் பிரிவு வரும்போது மட்டும் ஏன் ஞாபகம் வருகிறது என்று ஏற்பாட்டாளர்களைத்தான் கேட்கவேண்டும். அடுத்த பருவத்துக்கு விதிகளை எழுதும்போது நான் கேட்கப்போகிறேன், குதிரைவால் எழுதிய அந்த மூன்று நிபந்தனைகளையும் அப்படியே சேர்த்து.

கல்லணை

அந்த இரட்டைப் பெயர்ப்பதிவு விதியை முதல் வரியாகப் போடுங்கள். அது இல்லாமல் அனுப்பினால் நான் எதிர்த்து எழுதுவேன்.