மறு: மீன்காட்டி சரி, வயரின் நுனியில் தொங்குவதற்கு என்ன பெயர்?

அன்பின் நண்பர்களுக்கு,

படகிலிருந்து நீருக்குள் ஒலி அனுப்பி, கீழே உள்ள மீனையும் தரையையும் திரையில் காட்டும் 'ஃபிஷ் ஃபைண்டர்' கருவிக்கு, நம் சொல்லாக்க உரையாடலில் 'மீன்காட்டி' என்று முடிவானதில் எனக்கு மறுப்பில்லை. திசைகாட்டி, வழிகாட்டி வரிசையில் அது தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. கோவை நண்பர் தந்த 'மீன் இருப்பிடம் கண்டறி கருவி' விளக்கம்தான், பெயராகாது. இன்னொன்று, அந்தப் பெட்டி மீனைக் கண்டுபிடிப்பதும் இல்லை. மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையில் பட்டுத் திரும்பும் ஒலியைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது. காற்றுப்பை இல்லாத சுறாவும் திருக்கையும் அதனாலேயே திரையில் மங்கிப்போகும். மீனா குப்பையா என்று கண்டுபிடிக்க வேண்டியவர் படகில் இருப்பவர். ஆகவே காட்டி போதும்.

என் சிக்கல் 'ட்ரான்ஸ்டியூசர்', அதாவது வயரின் நுனியில் நீருக்குள் இருந்து ஒலியை அனுப்பி, திரும்பி வருவதை வாங்கும் பகுதி. பாடப்புத்தகச் சொல் 'ஆற்றல்மாற்றி' என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். பிழையில்லை. ஆனால் ஒலிவாங்கியும் ஆற்றல்மாற்றிதான், ஒலிபெருக்கியும் ஆற்றல்மாற்றிதான். நடுக்கடலில் "ஆற்றல்மாற்றியை இறக்கு" என்று யார் சொல்வது?

நான் இதைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மாமாவின் 18 அடி பைபர் படகு கொழும்பு மட்டக்குளிப் பக்கம் காக்கைதீவுக் கரையில் கிடக்கிறது. எதையும் அதில் நிரந்தரமாகப் பூட்டிவிட்டு வர முடியாது, மறுநாள் இருக்காது. அதனால் எல்லாம் கழற்றித் தூக்கிவரும் மாதிரி செய்தேன். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, அதற்குள் யூபிஎஸ்ஸில் போடும் 12 வோல்ட், 7 அம்பியர்மணி பற்றரி, நேர் வயரில் ஓர் உருகி (ஃபியூஸ்), மூடியின் மேல் திரை. என் கருவி அரை அம்பியருக்குச் சற்று மேலே இழுப்பதால் ஒரு காலைப்பொழுதுக்குத் தாராளம். பற்றரியும் வயரும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைத்தன. அங்கே கடைக்காரர் அந்த நுனியைச் 'சென்சர்' என்றுதான் சொன்னார்.

நுனியைப் பொருத்துவதுதான் பெரும்பாடு. ஒரு பிவிசி குழாயின் அடியில் அதைக் கட்டி, படகின் பின்பலகையில் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். நின்றபோது படம் துல்லியம். எஞ்சினை முடுக்கியதும் குழாய் நடுங்கி, நுரை கிளம்பி, திரை முழுக்கப் புழுதி! காற்றுக்குமிழ் ஒலியை அப்படியே திருப்பிவிடும், கீழே போக விடாது. அடுத்த முறை இன்னும் ஒரு சாண் இறக்கி, எஞ்சின் விசிறியிலிருந்து தள்ளிக் கட்டினேன், வேகத்தையும் குறைத்தோம். களனி கங்கை கலக்கும் முகத்துவாரத்துச் சேற்றுத் தரை மெல்லிய கோடாகத் தெரிந்தது. வெளியே பார் (கடலடிப் பாறை) வந்ததும் கோடு தடித்து, அதற்குக் கீழே இரண்டாவது எதிரொலியும் விழுந்தது.

மாமா யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர், இன்னமும் ஆழத்தைப் பாகத்தில்தான் (இரு கை விரித்த அளவு) சொல்வார். அவர் பார்த்த மாத்திரத்தில் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்: "அந்தக் குண்டைக் கொஞ்சம் இறக்கு தம்பி." ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் ஆழம் பார்த்தவர்களின் சொல் அது. அந்தக் காலக் கப்பல்காரர் குண்டின் அடியில் கொழுப்புப் பூசி இறக்கி, ஒட்டி வருவது மணலா சேறா என்றும் பார்ப்பார்களாம். இந்த நுனி செய்வதும் அதே வேலைதானே? 'ஒலிக்குண்டு' என்று எழுதி அனுப்பவே இருந்தேன்.

அப்புறம் யோசித்தேன். வெடிவைத்து மீன்பிடிப்பது சட்டப்படி தடையான நாட்டில், ரோந்துப் படகு நிறுத்தி "பெட்டிக்குள் என்ன?" என்று கேட்டால் "ஒலிக்குண்டு ஐயா" என்று சொல்லிப் பாருங்கள். எங்களுக்கு அந்தச் சொல்லோடு பழைய கணக்கும் இருக்கிறது. விட்டுவிட்டேன்.

'ஒலியுணரி' என்ற முன்மொழிவு பாதி வேலையைத்தான் சொல்கிறது. நுனிக்குள் இருக்கும் பீங்கான் வில்லை முதலில் கத்துகிறது, பிறகுதான் கேட்கிறது. நீரில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1500 மீற்றர் போவதால் 30 மீற்றர் ஆழத்துக்குப் போய்வர 0.04 செக்கன் போதும். வாயும் அதுவே, செவியும் அதுவே.

ஆகவே என் முன்மொழிவு: ஒலிமுனை. மின்முனை என்கிறோம், மின்னோட்டம் அதனூடாக உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று அந்தப் பெயர் சொல்வதில்லை, ஆனாலும் யாரும் குழம்புவதில்லை. ஒலிமுனையும் அப்படியே. வயரின் முனையில் இருப்பதால் பார்த்தவுடனேயே பொருந்தும். கல்முனை அறிந்த கரையோர நாக்குக்கு முனை அந்நியமும் அல்ல.

அதிலிருந்து விரியும் ஒலிக்கு 'ஒலிக்கூம்பு' என்று மட்டக்களப்பு அக்கா எழுதியதை அப்படியே ஏற்கிறேன். 200 கிலோஹேர்ட்ஸில் 20 பாகைக் கூம்பு என்றால், 30 மீற்றர் ஆழத்தில் தரையில் சுமார் 10 மீற்றர் அகல வட்டம் தெரியும். (கூம்பு பழந்தமிழில் பாய்மரத்துக்கும் பெயர். கப்பலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. எனக்குப் பிடித்திருக்கிறது.)

அக்காவிடம் ஒரு கேள்வி. உங்கள் வாவியில் தோணிக்காரர் யாராவது இதைக் கட்டித் திரிகிறார்களா? அவர்கள் வாயில் வேறு பெயர் ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் என் ஒலிமுனையை நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.