மறு: வெள்ளைக் கார் ரெண்டர்: 'கருந்தட்டி' என்று வைத்துக்கொள்வோமா?

அனைவருக்கும் வணக்கம்.

கணினியில் வெள்ளைக் காரை ரெண்டர் செய்யும்போது, அதாவது முப்பரிமாண மாதிரியிலிருந்து படமாக்கும்போது, கைகொடுக்கும் 'negative fill' உத்திக்குத் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு இந்த இழையில் வந்த 'எதிர்மறை நிரப்பொளி' என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. நிரப்பொளி என்பது நிழலை நிரப்பும் துணை வெளிச்சம் (fill light). காரின் பக்கத்தில் கறுப்புப் பரப்பு ஒன்றை நிறுத்தி, அந்தப் பக்கத்து வெளிச்சத்தை விழுங்க வைப்பதைத்தான் நாம் பேசுகிறோம். அங்கே ஒளி என்று எதுவும் இல்லை. புதிதாகப் படிக்கும் பிள்ளை இந்தச் சொல்லைக் கேட்டால் மென்பொருளில் விளக்குகளுக்குள் போய்த்தான் தேடும். என் பரிந்துரை: கருந்தட்டி.

வெள்ளைக் காரில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒருவர் கேட்டிருந்தார். வெள்ளைப் பெயின்ட் தன்மேல் விழும் வெளிச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் எல்லாத் திசையிலும் சிதறடிக்கிறது. அதற்கு மேலே இருக்கும் கிளியர் கோட்டின், அதாவது நிறமற்ற பளபளப்புப் பூச்சின், ஒளிவிலகல் எண் சுமார் 1.5. நேராகப் பார்க்கும்போது அது கண்ணாடிபோல் திருப்பி அனுப்புவது வெறும் 4 விழுக்காடு. கறுப்புக் காரில் உடலின் வளைவையெல்லாம் காட்டுவது அந்த 4 விழுக்காடுதான். வெள்ளைக் காரில் அது பெயின்டின் வெளிச்சத்துக்குள் மூழ்கிப்போகிறது. சாய்வாகப் பார்க்கும் இடங்களில்தான், அதாவது பானெட்டின் ஓரம், கூரை வளைந்து இறங்கும் இடம் போன்றவற்றில், பிரதிபலிப்பு விறுவிறுவென்று ஏறுகிறது. அங்கே இருட்டான ஏதாவது தெரிந்தால்தான் கோடு பிடிபடும். அது புரியாமல் விளக்கைக் கூட்டிக்கொண்டே போனால் கார் சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். மென்பொருளில் பெயின்டின் நிற மதிப்பை (0 முழுக் கறுப்பு, 1 முழு வெள்ளை) 1.0 என்று வைப்பவர்களுக்கும் இதே கதிதான். 0.8க்குப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

இங்கே சிங்கப்பூரில் இதைத் தெருவிலேயே பார்க்கலாம். பகல் ஒரு மணிக்குச் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல். கூரையும் பானெட்டும் வெளுத்துக் கிடக்கும், கதவுகளோ வானத்தையும் தார்ச்சாலையையும் நம்பி நிற்கும். தார் கருமையாக இருப்பதால் கதவின் கீழ்ப்பாதி தானாகவே இருண்டு தெரியும். அதே காரை வீவக (அரசு அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் கழகம்) பலமாடி கார்ப்பேட்டைக்குள் கொண்டுபோய் நிறுத்துங்கள். தாழ்ந்த கூரையும் தூண்களும் இருட்டாக, திறந்த பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வரும். வெள்ளைக் காருக்கு அதைவிட நல்ல ஸ்டூடியோ கிடையாது என்பேன். வெளுத்த வானத்துச் சுற்றுப்படம் (காட்சியைச் சுற்றிலும் போர்த்தி வெளிச்சம் தரும் படம், environment map) ஒன்றை மட்டும் மாட்டி ரெண்டர் செய்பவர்கள் இந்த இருட்டைத்தான் தவறவிடுகிறார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'கரும்பலகை' வகுப்பறைக்குப் போய்விட்டது. 'கருந்திரை' என்றால் தொலைக்காட்சி அணைந்துபோன நினைப்பு வருகிறது. சினிமாக்காரர்கள் சொல்லும் 'கட்டர்' விளக்குக்கு முன்னால் நின்று வெளிச்சத்தை வெட்டுவது. இது காருக்குப் பக்கத்தில் நின்று பெயின்டில் தெரிவது, வேலை வேறு. தட்டி என்றால் ஓலைத்தட்டி, விளம்பரத் தட்டி எல்லாம் நமக்குத் தெரியும். யாழ்ப்பாணத்து அன்பர்களுக்குத் தட்டிவான் என்ற பழைய காலத்துப் பயணிகள் வண்டி நினைவுக்கு வரும். தட்டையாக, தூக்கி வைக்கக்கூடியதாக, எதையோ மறைப்பதாக இருக்கும் பொருள். நமக்கு வேண்டியதும் அதுதான். 'இடப்பக்கம் ஒரு கருந்தட்டி வை, கேமராவுக்கு மறை, எதிரொளிப்பில் மட்டும் காட்டு' என்று வேலையிடத்தில் இயல்பாகச் சொல்லலாம். 'எதிரொளிப்பு' என்பதற்கு இலங்கையில் 'தெறிப்பு' என்கிறார்கள், அங்கே அப்படியே இருக்கட்டும்.

இதற்கு ஜோடியாக, வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளைப் பலகைக்கு 'வெண்தட்டி'. புணர்ச்சி விதிப்படி 'வெண்டட்டி' என்று எழுத வேண்டும் என்பார்கள். அப்படி எழுதினால் வெண்டைக்காய்தான் நினைவுக்கு வரும், பிரித்தே எழுதுவோம். 'நிரப்பொளி' என்ற சொல்லில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அது உண்மையிலேயே ஒளி.

மறுப்பு இருப்பவர்கள் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். சென்னையில் விளம்பரப் படங்களுக்கு லைட்டிங் செய்யும் நண்பர்கள் இந்தப் பலகையை வேறு பெயரில் கூப்பிடுகிறார்களா என்பதையும் அவசியம் சொல்லுங்கள். புழக்கத்தில் நல்ல சொல் இருந்தால் என் சொல்லை உடனே விட்டுவிடுகிறேன்.