மறுமொழி: ‘ஹை கான்ட்ராஸ்ட்’ ஐகானுக்கு ‘எடுப்புப் படவுரு’

அன்பர்களுக்கு வணக்கம்.

கணினியில் ‘ஹை கான்ட்ராஸ்ட் ஐகான்’, அதாவது பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரியும் படவுரு, அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் குழு விவாதத்துக்கு என் மறுமொழி இது. ‘உயர் முரண் படவுரு’ வேண்டாம் என்று முன்பே சிலர் சொல்லிவிட்டார்கள். எனக்கும் அதே கருத்துதான். முரண் என்றதும் மோதல்தான் முதலில் நினைவுக்கு வரும். ‘நிறமாறுபாடு’ என்ற பரிந்துரையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொருளைக் கோட்டைவிடுகிறது.

கான்ட்ராஸ்டை அளப்பது நிறத்தை வைத்து அல்ல, ஒளிர்வை வைத்து, அதாவது ஒரு நிறம் மற்றதைவிட எத்தனை மடங்கு வெளிச்சமாக இருக்கிறது என்பதை வைத்து. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தால் 21:1, அதுதான் உச்சம். திரையில் கலப்பில்லாத சிவப்பையும் பச்சையையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நிறம் கண்ணைப் பறிக்கும். கணக்குப் போட்டால் 2.9:1தான் வரும். மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வழிசெய்யும், 2018இல் வெளிவந்த இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டி (WCAG) 2.1, புரிதலுக்குத் தேவையான படவுருக்களுக்குக் குறைந்தது 3:1 கேட்கிறது. வெள்ளையில் மஞ்சள் 1.1 கூடத் தேறாது. ‘நிறமாறுபாடு’ என்று பெயர் வைத்தால், வரைபவர் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுவார். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர் பாடு திண்டாட்டம்தான்.

ஆகவே அளவைக்கு ‘ஒளிமாறுபாட்டு விகிதம்’ இருக்கட்டும். நிரலாளருக்கு அது போதும். அமைப்புப் பட்டியலில் பயனர் கண்ணில் படும் பெயர் வேறாக இருக்க வேண்டும்.

இங்கே சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மூத்தோருக்குக் கணினி சொல்லித்தருகிறேன். தமிழ் இடைமுகத்தைக் கேட்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். கண்புரை உள்ள ஓர் அம்மா, லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளின் கருவிப்பட்டையில் சேமிக்கும் படவுருவைத் தேடி, மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். ‘சிஃபர்’ படவுருத் தொகுப்புக்கு மாற்றிக் கொடுத்தேன். ஒரே நிறம், வண்ணச் சாய்வு கிடையாது, கோடும் வடிவமும் மட்டும். “இப்பத்தான் எடுப்பா தெரியுது தம்பி” என்றார். ‘எடுப்பு’ என்பது இங்கே லிட்டில் இந்தியாவின் தேக்கா புடவைக் கடைகளில் நாளெல்லாம் புழங்கும் சொல்.

‘எடுப்புப் படவுரு’, ‘எடுப்புத் தோற்றம்’ என்பவை என் பரிந்துரை. எடுப்புச் சாப்பாடு நினைவுக்கு வருமே என்று ஒரு நண்பர் கேட்டார். வரலாம், ஆனால் படவுருவுக்கு முன்னால் நிற்கும்போது யாரும் குழம்ப மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ‘உயர்’ என்ற அடைமொழியும் தேவையில்லை. விண்டோஸ் 11 கூட ‘ஹை’யை விட்டுவிட்டு ‘கான்ட்ராஸ்ட் தீம்ஸ்’ என்றுதான் வைத்திருக்கிறது. மங்கலான பின்னணியில் இளமஞ்சள் எழுத்து வேண்டுகிறவர்களும் உண்டு. கூசும் கண்ணுக்கு உச்ச அளவு தொல்லை.

அப்புறம் ஒன்று. சொற்பட்டியலில் ஏற்றுமுன், பார்வைக் குறையுள்ள பயனர் சிலரிடம் ‘எடுப்பு’, ‘நிறமாறுபாடு’ என்ற இரண்டு பெயர்களையும் விளக்கம் எதுவும் சொல்லாமல் காட்டி, அழுத்தினால் என்ன ஆகும் என்று கேட்போம். எங்கள் வகுப்பில் நான் கேட்டு எழுதுகிறேன். சென்னை, யாழ்ப்பாணம், கோலாலம்பூர் நண்பர்களும் கேட்டுச் சொன்னால் அடுத்த வாரமே முடிவு செய்துவிடலாம்.