கடைசி நிமிட ரெய்லியைப் பார்த்தவர்கள்

லீத், எடின்பரோவிலிருந்து

நேரில் பார்த்த கால்பந்து வீரர்களைப் பற்றி எழுதும் இந்தப் பக்கத்தில் மெஸ்ஸியையும் ரொனால்டோவையும் எட்ட நின்று பார்த்த கதைகளைப் பலரும் பகிர்ந்திருக்கிறீர்கள். நான் சொல்லப்போகிறவர், நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டவர். ஸ்காட்லாந்துக் கால்பந்து வீரர் லாரி ரெய்லி. அவரை நான் பார்த்ததில்லை, பார்த்தவர்களோடு தினமும் பழகுகிறேன்.

இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஸ்காட்லாந்தில் 'ஃபுட்பால் மெமரீஸ்' என்று ஒரு திட்டம் உண்டு. அல்சைமர் ஸ்காட்லாந்து அமைப்பும் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் மைதானத்தில் இருக்கிற கால்பந்து அருங்காட்சியகமும் சேர்ந்து தொடங்கியது. ஞாபகம் மங்கிவரும் பெரியவர்கள் கையில் அந்தக்கால ஆட்டக்காரர்களின் படத்தைக் கொடுத்துப் பேசவைப்பார்கள். எங்களிடம் ஒரு பெரியவர் இருக்கிறார். டீ வேண்டுமா என்றால்கூட தலையை ஆட்டுவதோடு சரி. அன்று அவர் கைக்குப் போன படத்தில் ஐந்து பேர், பச்சைச் சட்டை, வெள்ளைக் கை. விரலை ஒவ்வொரு முகமாக நகர்த்திக்கொண்டே ஒரே மூச்சில் சொன்னார்: "ஸ்மித், ஜான்ஸ்டன், ரெய்லி, டர்ன்புல், ஆர்மண்ட்." அது அவர்கள் மைதானத்தில் நிற்கும் வரிசை, வலது ஓரத்திலிருந்து இடது ஓரம் வரை. ரெய்லி நடுவில்.

எடின்பரோவின் ஹிபர்னியன் அணியின் (சுருக்கமாக ஹிப்ஸ்) 'ஃபேமஸ் ஃபைவ்' இவர்கள்தான். ஐந்து பேருமே அந்த ஒரே கிளப்புக்காக லீக்கில் தலா 100 கோலுக்கு மேல் போட்டவர்கள். இந்த ஐவர் முன்வரிசையோடு 1951, 1952 இரண்டு ஆண்டும் லீக் சாம்பியன் பட்டம் ஹிப்ஸின் சொந்த மைதானமான ஈஸ்டர் ரோட்டுக்கு வந்தது. ரெய்லி பிறந்தது 1928-ல், வளர்ந்தது எடின்பரோவின் கோர்ஜி பகுதியில். அது எதிரி அணியான ஹார்ட்ஸின் கோட்டை. அங்கே வளர்ந்த பையன் ஹிப்ஸ் ரசிகனாக இருந்தான் என்பதைச் சொல்லும்போது பெரியவர் முகத்தில் வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சின்ன வயதில் அந்தப் பெரியவர் டிக்கெட் வாங்கியதே இல்லையாம். வாசலில் யாராவது பெரிய ஆளிடம் "மாமா, தூக்கி விடுங்க" என்பாராம். அந்த ஆள் பையனை அப்படியே தூக்கிச் சுழல்கதவுக்கு மேலாக உள்ளே இறக்கிவிடுவார். அந்தக் காலத்தில் எல்லாப் பையன்களும் அப்படித்தான் உள்ளே போனார்கள். பிறகு தலைக்கு மேல் தலையாகக் கைமாற்றி முன்வரிசை வரை அனுப்புவார்களாம். 1950 புத்தாண்டில் ஹார்ட்ஸுடன் ஆடியபோது ஈஸ்டர் ரோட்டில் 65,000 பேருக்கு மேல். அந்தக் கூட்டத்தில் ஒரு சிறுவனை நினைத்துப் பாருங்கள்.

லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த கதையைத் தட்டில் இருந்த பிஸ்கட்டுகளை நகர்த்தி விளக்கினார். 1953 ஏப்ரல், இங்கிலாந்துடன் ஆட்டம். ஸ்காட்லாந்தின் சாமி காக்ஸ் அடிபட்டு வெளியேறிவிட்டார். மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே அன்று கிடையாது, பத்துப் பேரோடு ஆடினார்கள். 2-1 என்று தோல்வி உறுதியாகிவிட்ட நேரம், கடைசி விசிலுக்குச் சற்று முன் ரெய்லி தன் இரண்டாவது கோலைப் போட்டு 2-2 ஆக்கினார். 'கடைசி நிமிட ரெய்லி' என்ற பெயர் நிலைத்தது அதனால்தான். வெம்ப்ளியில் மட்டும் அவர் போட்டது ஐந்து கோல். நாட்டுக்காக 38 ஆட்டங்களில் 22. பின்னாளில் ஸ்காட்லாந்துக்கு ஆடிய டால்கிளிஷின் 30 கோலுக்கு 102 ஆட்டங்கள் ஆயின. டால்கிளிஷைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் ரெய்லியின் பெயர் எல்லைக்கு வெளியே யாருக்கும் தெரியாமல் இருப்பது எனக்கு ஆறவில்லை.

எடின்பரோவிலிருந்தே இன்னொருவர்

அக்கா, நான் 2016 மே மாதம் லீத் லிங்க்ஸ் திடலில் இருந்தேன். ஹிப்ஸ் 114 வருஷம் கழித்து ஸ்காட்டிஷ் கோப்பையை வென்று ஊர்வலமாக வந்த நாள். ரெய்லிக்குக் கடைசிவரை கிடைக்காத கோப்பை அது. ஐவரில் கடைசியாக மிஞ்சியிருந்தவரும் அவர்தான், 2013-ல் போய்விட்டார். இறுதியாட்டத்தில் 2-2 என்றிருந்தபோது, 90 நிமிடம் தாண்டி, நிறுத்தங்களுக்கு ஈடாகச் சேர்த்த கடைசி நிமிடங்களில் கார்னரிலிருந்து வந்த பந்தை டேவிட் கிரே தலையால் முட்டி உள்ளே தள்ளினார். கூட்டத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பாட்டி, "அது ரெய்லி போடுகிற கோல்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அன்று அர்த்தம் புரியவில்லை. உங்கள் பதிவைப் படித்தபின் புரிகிறது.

கிளாஸ்கோவிலிருந்து

நான் பிசியோதெரபிஸ்ட். ரெய்லி 1958-ல் ஆட்டத்தை விட்டபோது வயது 29. காரணம் முழங்கால் குருத்தெலும்பு. அந்தத் தலைமுறையில் உள்ளூர் அணிகளுக்கு ஆடிய முதியவர்கள் என்னிடம் வருவார்கள். முழங்கால் ஓரத்தில் நீளமாக ஒரு தழும்பு இருக்கும். அன்று மூட்டைத் திறந்து கிழிந்த மெனிஸ்கஸை (அந்தக் குருத்தெலும்புத் தட்டை) மொத்தமாக எடுத்துவிடுவார்கள். அது போனால் எலும்பும் எலும்பும் உரசித் தேய ஆரம்பிக்கும். இன்றைக்கென்றால் சிறு துளை போட்டு, கிழிந்த இடத்தை மட்டும் சரிசெய்து, முடிந்தவரை மீதியைக் காப்பாற்றுகிறோம். இன்னும் நாலைந்து சீசன் ஆடியிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதற்கு முன்பே ஒரு சீசனில் பெரும்பகுதி வீணானது. வசூல் தனக்கு வரும்படி ஒரு சிறப்பு ஆட்டம் வேண்டும் என்று கேட்டு, கிளப் தலைவர் ஹாரி ஸ்வான் மறுக்க, ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் இருந்தார். பின்னாலேயே ப்ளூரிசி (நுரையீரல் உறை அழற்சி) வந்து படுக்கவைத்தது, 1954 உலகக் கோப்பையும் போனது. அவர் இல்லாத ஸ்காட்லாந்து உருகுவேயிடம் 7-0 வாங்கியது.

மறுபடி லீத்

தம்பி, நீங்கள் எழுதியதை எங்கள் பெரியவரிடம் சொன்னேன். முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார். ரெய்லியின் கடைசி ஆட்டம் ரேஞ்சர்ஸ் அணியுடன், அதற்கும் போயிருந்தாராம். "அன்றைக்குக் கோல் போட்டாரா?" என்றேன்.

"போடாமல் விடுவானா?" என்றார்.

உண்மைதான், போட்டிருக்கிறார்.