புதுப்பிப்பு: இரண்டு வயதாகியும் பேசாத மகன் (சுங்கை சிப்புட், மலேசியா)

கூப்பிட்டால் மகன் திரும்புவதில்லை, பேச்சும் இல்லை, எங்கே காட்டுவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

நாங்கள் வசிக்கும் தோட்டத்தில் எல்லாரும் "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்றார்கள். காத்திருக்காமல் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தோடு கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்ன அக்காவின் யோசனைதான் கைகொடுத்தது. ஆட்டிசம் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் எம்-சாட் கேள்விகள் கேட்டு மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார்கள். அங்கே முதலில் காதைச் சோதித்தார்கள், அதை நான் எதிர்பார்க்கவில்லை. காது நன்றாக இருக்கிறது. ஆட்டிசம் என்றார் குழந்தை மருத்துவர். ஓகேயு அட்டைக்கான (மாற்றுத்திறனாளி அட்டை) பாரத்தை அவர் நிரப்பித் தர, சமூக நல இலாகாவில் கொடுத்தோம்.

இப்போது பிடிகே என்ற சமூக மறுவாழ்வு மையத்துக்குப் போகிறான். வீட்டுப் பயிற்சிதான் முக்கியம்: பிஸ்கட்டை என் கண்ணுக்கு நேராகப் பிடித்து, அவன் என்னைப் பார்க்கும்வரை பொறுத்துக் கொடுக்கிறேன். பார்க்கிறான், கையும் நீட்டுகிறான்! பேச்சு இன்னும் வரவில்லை. அடுத்து பேச்சு சிகிச்சை. அங்கே சொல்லித் தருவதையும் எழுதுகிறேன்.