நிகழ்பதிவை எவ்வளவு காலம் வைத்திருப்பது: ஒரு சொல் போதுமா?

வணக்கம்.

கணினியில் நடப்பதை நேரத்தோடு வரிவரியாகக் குறித்துவைக்கும் 'லாக்' என்பதற்கு 'நிகழ்பதிவு' என்ற சொல்லை நம் கலைச்சொல் உரையாடலில் ஏறக்குறைய எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டோம். அடுத்து இருப்பது 'லாக் ரிடென்ஷன் பீரியட்', அதாவது அந்தப் பதிவை வைத்திருக்கும் காலம். தக்கவைப்புக் காலம், வைப்புக்காலம், காப்புக்காலம் என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன.

> "தக்கவைப்புக் காலம்" என்றே போட்டுவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும், சரி. ஆனால் என்னவென்று புரியும்? தொகுதியைத் தக்கவைத்தார்கள், ஆட்டக்காரரைத் தக்கவைத்தார்கள் என்கிறோம். கையை விட்டுப் போகாமல் பிடித்துக்கொள்வது என்ற பொருள்தான் அதில் இருக்கிறது. ஒரு நாள் விட்டுவிட வேண்டும் என்ற பொருள் அதில் துளியும் இல்லை. 'வைப்புக்காலம்' என்றால் வங்கி நினைவுக்கு வரும். 'காப்பு' ஏற்கெனவே காப்புநகலுக்கு (பேக்கப்) போய்விட்டது. அது முற்றிலும் வேறு வேலை, இரண்டையும் குழப்பினால் ஆபத்து.

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பார்ப்போம். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, நிகழ்பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. நாள்தோறும் நகர்ந்துகொண்டே போகும் 180 நாள் அது. 181ஆம் நாள் அழித்தாக வேண்டும் என்று அதில் இல்லை. அதாவது, குறைந்தது இவ்வளவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 5ஆம் பிரிவு வேறு திசையில் போகிறது. ஒருவரை அடையாளம் காட்டும் தரவை, எந்த நோக்கத்துக்காக எடுத்தோமோ அதற்குத் தேவையான காலத்துக்கு மேல் அந்த வடிவில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. பயனர் பெயரும் ஐ.பி. முகவரியும் இல்லாத நிகழ்பதிவு அரிது. ஆகவே இது அதிகபட்சம்.

இந்தியாவின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள், 2025 இரண்டையும் ஒரே உட்பிரிவில் வைத்திருக்கின்றன. குறைந்தது ஓராண்டு வைத்திரு, பிறகு வேறு சட்டம் கேட்டாலொழிய அழித்துவிடு. இதை மொழிபெயர்க்கிறவர் இரண்டு இடத்திலும் 'தக்கவைப்பு' என்று எழுதினால் படிக்கிறவருக்கு என்ன மிஞ்சும்?

இரண்டு எல்லைகளும் வெறும் சட்டச் சொற்கள் அல்ல. அமெரிக்க மென்பொருள் நிறுவனமான சோலார்வின்ட்ஸில் நடந்த ஊடுருவலை எடுத்துக்கொள்ளுங்கள். தாக்கியவர்கள் 2019 செப்டம்பரிலேயே உள்ளே வந்துவிட்டார்கள். நச்சு கலந்த புதுப்பிப்பு 2020 மார்ச்சிலிருந்து வாடிக்கையாளர்களுக்குப் போனது. வெளியே தெரிந்தது 2020 டிசம்பரில். 180 நாள் மட்டும் வைத்திருந்த நிறுவனம், முதன்முதலில் கதவு திறந்த நாளின் தடயத்தைத் தேடிப் பார்த்திருக்கவே முடியாது. 2021 ஆகஸ்டில் அமெரிக்க அரசு தன் துறைகளுக்கு விதித்த கணக்கு இதனால்தான் நீண்டது: 12 மாதம் உடனே தேடத்தக்க நிலையில், அதற்கு மேல் 18 மாதம் குளிர்சேமிப்பில், அதாவது உடனே தேட முடியாத மலிவான கிடங்கில்.

மறுபக்கமும் உண்டு. பல கோடிப் பயனர்களின் கடவுச்சொற்கள் தன் உள் அமைப்புகளில் மறையாக்கம் இல்லாமல் பதிவாகிக் கிடந்ததாக 2019 மார்ச்சில் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. சில பதிவுகள் 2012 வரை பின்னோக்கிப் போயின என்றும் செய்தி வந்தது. பதிவில் தவறுதலாக விழுந்த ஒரு கடவுச்சொல், அழிக்க நாள் குறிக்காததால் ஏழு ஆண்டு உயிரோடு இருக்கலாம். எனக்கு இதுதான் கூடுதல் கவலை. வட்டு மலிவாகிவிட்ட காலத்தில் 'இருக்கட்டுமே' என்று விட்டுவிடுவதே எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது.

ஆகவே என் பரிந்துரை இரண்டு சொற்கள்:

குறைந்தபட்சத்துக்கு பேணுகாலம். ஆவணங்களைப் பேணுதல் என்பது ஏற்கெனவே வழங்கும் தொடர். ஊறுகாய் போல வினைத்தொகை, நடுவில் வல்லினம் மிகாது.

அதிகபட்சத்துக்கு அழிப்புக்கெடு. கெடு என்ற சொல் எல்லோர் வாயிலும் இருக்கிறது. தாண்டினால் தவறு என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது.

> ஆங்கிலத்தில் ஒரே சொல்தானே? நாம் ஏன் பிரிக்க வேண்டும்?

நம் அரசு அலுவலகங்கள் எப்போதோ பிரித்துவிட்டன. கடிதத் தலைப்பில் ஓ.மு., மூ.மு., ப.மு. என்று பார்த்திருப்பீர்கள். ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு. கோப்பு முடிக்கப்படும்போதே அதன் ஆயுள் எண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. நிகழ்பதிவுக்கு ஒரு வேறுபாடு உண்டு. கோப்புக்கு அது முடிந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். நிகழ்பதிவில் ஒவ்வொரு வரிக்கும் அது எழுதப்பட்ட நொடியிலிருந்தே கணக்கு ஓடும். கலைச்சொல் விளக்கத்தில் இதை ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று. இயங்குதளங்களின் இயல்பு அமைப்பில் பல இடங்களில் காலமே இல்லை, அளவுதான். விண்டோஸ் நிகழ்பதிவு 20 எம்.பி. ஆனதும் பழையதை மேலெழுதத் தொடங்கும். லினக்ஸில் நிகழ்பதிவைச் சேர்த்துவைக்கும் ஜர்னல்டி, கோப்பமைப்பின் இடத்தில் 10 விழுக்காடு வரை எடுக்கும், உச்சம் 4 ஜி.பி. பரபரப்பான வழங்கியில் (சர்வர்) 20 எம்.பி. சில மணி நேரத்தில் நிரம்பிவிடும். இந்த அமைப்புகளுக்கு 'பேணுகாலம்' என்று எழுதினால் பொய்யாகிவிடும். அங்கே 'அளவு வரம்பு' என்று இருக்கட்டும். டெபியன் லினக்ஸில் பதிவுக் கோப்புகளைச் சுழற்றும் கருவியான லாக்ரொட்டேட் மட்டும் வாரம் ஒரு முறை புதுக் கோப்புக்கு மாறி, நான்கு பழைய கோப்புகளை வைத்திருப்பதால், அங்கே காலம் என்று சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு.

'அழிப்புக்கெடு' பொத்தான்களில் நீளமாக இருக்கும் என்று ஆட்சேபம் வரலாம். 'அழிகெடு' என்று சுருக்கினால் தானாக அழிகிறதா, நாம் அழிக்கிறோமா என்பது மங்கிப்போகிறது. பொறுப்பு யாருடையது என்பது தெரிய வேண்டிய இடம் அது, அதனால் நீளமானதையே விரும்புகிறேன். இதைவிடக் குறுகிய, அந்தப் பொருள் கெடாத சொல் இருந்தால் எழுதுங்கள். இப்படிக் கோப்பைச் சுழற்றும் 'ரொட்டேஷன்' என்பதற்கான சொல்லைத் தனி இழையில் எடுத்துக்கொள்வோம்.